கடைசி நான்கு அடிகளை மட்டும் பிரிக்கலாமா?

ராபர்ட் ஃப்ராஸ்ட் 1922இல் எழுதி 1923இல் வெளியிட்ட ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்’ கவிதையை முழுதாகப் படிக்காதவர்களும் அதன் இறுதி நான்கு அடிகளை அறிந்திருப்பார்கள். நேரு தம் கடைசி நாட்களில் அவ்வடிகளை எழுதி அருகில் வைத்திருந்தார் என்ற செய்தி நம் நாட்டில் அவற்றுக்குத் தனிப் புகழைத் தந்தது. இன்று தன்முன்னேற்ற நூல்களும் வாழ்த்து அட்டைகளும் அவற்றை ஓயாத உழைப்புக்கான அறைகூவலாகவே எடுத்தாளுகின்றன. இவ்வாசிப்பு கவிதைக்கு நியாயம் செய்வதில்லை என்பது எங்கள் துணிபு. அதற்கான சான்று கவிதையின் யாப்பிலேயே இருக்கிறது.

கவிதையில் நான்கு பத்திகள், பதினாறு அடிகள். ஒவ்வோர் அடியிலும் எட்டு அசைகள். இங்கே அசை என்று நாங்கள் குறிப்பது நம் நேரையும் நிரையையும் அன்று. ஆங்கிலச் சொல்லின் ஒலித்துண்டை. மென்மையாக ஒன்று, அழுத்தமாக ஒன்று என அவை நான்கு இணைகளாக நடக்கின்றன. ஆங்கில யாப்பில் இதற்கு ‘அயாம்பிக் டெட்ராமீட்டர்’ என்று பெயர். பதினாறு அடிகளிலும் இந்த எண்ணிக்கை பிசகுவதில்லை.

இயைபின் அமைப்பு இன்னும் நுட்பமானது. முதற்பத்தியில் ஒன்றாம், இரண்டாம், நான்காம் அடிகள் ஒத்த ஒலியில் முடிய, மூன்றாம் அடி மட்டும் தனித்து நிற்கிறது. எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1859இல் வெளியிட்ட உமர் கய்யாம் மொழிபெயர்ப்பால் ஆங்கிலத்தில் பரவிய வடிவம் இது. ஃப்ராஸ்ட் அதைச் சங்கிலியாக்கினார். முதற்பத்தியில் தனித்து நின்ற ‘ஹியர்’ என்ற ஒலி இரண்டாம் பத்தியை ஆள்கிறது. அங்கே தனித்த ‘லேக்’ மூன்றாவதை ஆள்கிறது. அங்கே தனித்த ‘ஸ்வீப்’ நான்காவதை ஆள்கிறது. ஒவ்வொரு பத்தியும் அடுத்ததற்கு ஒரு கொக்கியை நீட்டியபடியே முடிகிறது.

இச்சங்கிலியை எங்கே முடிப்பது? நம் அந்தாதியைப் போல, தொடங்கிய ஒலிக்கே திரும்பி மண்டலித்து முடித்திருக்கலாம். ஃப்ராஸ்ட் அவ்வாறு செய்யவில்லை. இறுதிப் பத்தியின் நான்கு அடிகளும் ஒரே ஒலியில் முடிகின்றன. கடைசி அடியோ அதற்கு முந்தைய அடியே மீண்டும் வருவது. கொக்கி இல்லை; ஒலி மேலே நகரவில்லை.

பயணி தான் போயாக வேண்டும் என்கிறான். கவிதையின் ஒலியோ நின்றுவிட்டது. அவன் புறப்பட்டானா என்று கவிதை சொல்வதுமில்லை. இன்னொன்றையும் கவனிக்கலாம். ‘ஈவ்னிங்’ என்பதைச் சந்தம் கோருமாறு இரண்டசையாக ஒலித்தால், கவிதையில் மூன்றசை கொண்ட ஒரே சொல் ‘பிராமிசஸ்’ தான். அதன் கடைசி அசை, அழுத்தம் விழவேண்டிய இடத்தில் மெலிந்து ஒலிக்கிறது. கடமையைச் சொல்லும் சொல்லிலேயே நடை தளர்கிறது.

இதைக் கொண்டு இக்கவிதை மரண விருப்பத்தைச் சொல்கிறது என்று முடிவுகட்டவும் நாங்கள் விரும்பவில்லை. அத்தகைய விளக்கத்தை ஃப்ராஸ்டும் ஏற்கவில்லை. போகச் சொல்லும் பொருளுக்கும் நிற்கச் சொல்லும் ஒலிக்கும் இடையிலான இழுபறியே இக்கவிதையின் உயிர் என்பதுதான் எங்கள் கருத்து. முன்னுள்ள பன்னிரண்டு அடிகளை வெட்டிவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். அது நின்றது நம் காதில் விழாது. எஞ்சுவது வெறும் அறிவுரை.

ஆகவே, அடுத்தமுறை அந்த நான்கு அடிகள் எங்கேனும் கண்ணில் பட்டால், முழுக்கவிதையையும் தேடியெடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.