ஊர்ச் சங்கமும் ஊர்ப் பணமும்

தமிழகத்தின் களியக்காவிளை வாழைக்கும் கேரளத்தின் பாறசாலை வாழைக்கும் வித்தியாசம் கிடையாது. கூட்டுறவுச் சங்கம்தான் 1956-இல் போட்ட எல்லைக்கோட்டோடு முகம் மாறுகிறது.

2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனும் நிபந்தனைகளோடு தள்ளுபடியானது. தமிழகப் பக்கம் சங்கம் என்றால் கடன், உரம், ரேஷன். கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பக்கமோ சங்கமே ஊர் வங்கி. ரப்பர் ஷீட் விற்ற காசு, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியது, மகள் கல்யாணத்துக்குப் போட்டுவைத்த வைப்பு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய நோட்டை மாற்றக் கூட்டுறவு வங்கிகளுக்குத் தடை வந்தபோது, முதல்வர் பினராயி விஜயனே திருவனந்தபுரத்தில் ரிசர்வ் வங்கி வாசலில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார். அதில் ஓட்டுக் கணக்கும் உண்டு. ஆனாலும் கோபம் நியாயமானது.

அதே நம்பிக்கைதான் பிறகு அடி வாங்கியது. 2021-இல் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கியின் மோசடி வெளியானது. 2023-இல் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்திலேயே கண்டலா கூட்டுறவு வங்கி: அமலாக்கத் துறை சோதனை, போட்ட பணத்துக்கு அலையும் முதியவர்கள்.

வணிக வங்கி வைப்புக்கு உள்ள ஐந்து லட்ச ரூபாய் மத்தியக் காப்பீடு தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடையாது. கேரளத்தில் மாநில வைப்பு உத்தரவாத நிதி இருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரியும்? ‘வங்கி’ என்று பலகை மாட்டிய இடத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேரள வங்கியை 2019-இல் உருவாக்கிய அரசு, தணிக்கை அறிக்கையைச் சங்கத்து வாசலில், இந்த எல்லை ஊர்களிலாவது மலையாளத்தோடு தமிழிலும், ஒட்டச் சொல்லலாம்.