முதலில் முட்டு, பிறகு முடுக்கு

அக்கா மகன் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தான். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, தலைக்கு மேல் வரிசையாக அலமாரிகள். ஓடும் வீடு. அயல்நாடுகளில் இது பழைய சமாச்சாரம். நம் பக்கத்தில், 2021ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. அக்கா மகன் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி, யாரோ ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்து இதைச் செய்து வாங்கியிருந்தான்.

சாம்பியன் ரீஃபில் லைன் வீடு ஒன்றில் தனியாக இருக்கும் என் அத்தையைப் பார்க்க அன்று நானும் வந்திருந்தேன். வண்டியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பெருமையாக ஓர் அலமாரியைத் திறந்து காட்டினான் பையன். கதவு அவன் கையோடு வந்துவிட்டது.

"ஊட்டி போய்ட்டு வந்ததுலேருந்து இப்படித்தான் மாமா. ஒவ்வொரு கீலா ஆடுது. முடுக்கிக்கிட்டே இருக்கேன். ரெண்டு நாள்ல மறுபடியும் லூஸ்" என்றான், திருப்புளியைத் தேடியபடி.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். எதிர் வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். அதாவது, பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. பையன் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"முடுக்காதே தம்பி. முடுக்கினா இன்னும் கெட்டுப்போவும். ஸ்க்ரூ மேல ஒரு தப்பும் இல்லை. ஓட்டைதான் தப்பு."

யோசித்துப் பார்த்தால் எளிய விஷயம்தான். மர ஸ்க்ரூ தன் மரையால் நாரைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க, கதவின் எடை முழுவதும் அந்தக் கவ்வலை இழுக்கிறது. நார் பொடியாகிறது, ஓட்டை அகலமாகிறது. அதற்குப் பிறகு ஸ்க்ரூவைத் திருகினால் மிச்சமிருக்கும் நாரும் அரைபட்டு மாவாகிறது. முடுக்குவதாக நினைத்துக்கொண்டு நாம் துளையைப் பெரிதாக்கிக் கொண்டிருக்கிறோம்.

பெரியவர் வேலையை ஆரம்பித்த விதம் வேடிக்கையாக இருந்தது. கீலைத் தொடவே இல்லை. முதலில் அலமாரிகளில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கச் சொன்னார். பிறகு அத்தையின் விறகுக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஆப்பு மாதிரி சீவி, அடுத்ததாக ஆடிக்கொண்டிருந்த கதவின் அடியில் செருகினார். கதவு அசையாமல் நின்றது. "முதல்ல முட்டு. அப்புறம்தான் வேலை" என்றார். கீழே அதுதான் சட்டமாம். தலைக்கு மேல் இருப்பதைத் தாங்கிக்கொள்ளாமல் யாரும் கையை நீட்டக் கூடாது.

பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மூங்கிலை மெல்லிய குச்சிகளாகச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்து, துளை நிறையும் வரை தட்டி இறக்கினார். தீக்குச்சி போதாதா என்று கேட்டேன். "சின்னக் கதவுக்குப் போதும். அது பூ மரம், அமுங்கிடும்" என்றார். அந்தக் காலத்தில் இதையே வஜ்ரத்தைக் காய்ச்சி ஊற்றிச் செய்வார்களாம். கையோடு வந்துவிட்ட முதல் கதவின் பக்கம் மட்டும் இந்த வைத்தியம் எடுபடவில்லை. அங்கே இருந்தது மரமே அல்ல, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டு ஊதியிருந்தது. அந்த இடத்தைச் சுத்தமாகத் துளைத்து எடுத்துவிட்டு, விரல் பருமனில் ஒரு தேக்குக் கட்டையைப் பசையோடு அறைந்தார். "ராத்திரி முழுக்கக் காயட்டும். யாரும் தொடாதீங்க."

இரவு அத்தை வீட்டுத் திண்ணையில் பேச்சு அதிர்வைப் பற்றித் திரும்பியது. வண்டி ஓடினால்தான் பையனின் அலமாரி ஆடுகிறது. இந்த ஊரில் நின்ற இடத்திலேயே வீடுகள் ஆடியிருக்கின்றன.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 2001 பிப்ரவரி 28ல் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையை வெட்டி எடுத்தால், அது சுமந்துகொண்டிருந்த பாரம் பக்கத்துப் பாறைமேல் ஏறுகிறது. தாங்க முடியாத ஒரு கணத்தில் அந்தப் பாறை வெடிக்கிறது. ராக் பர்ஸ்ட் என்பது அதைத்தான். பழைய வெள்ளைக்காரர்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்று எழுதி வைத்தார்கள். இதை அளப்பதற்காகவே 1912ல் இங்கே ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி வைத்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988ல் இந்த ஊரில் தொடங்கப்பட்டதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

அத்தைக்குக் கருவி தேவைப்படவில்லை. "அடுப்பங்கரை அலமாரிக் கதவு தானா திறந்துக்கும். தட்டெல்லாம் கலகலன்னு விழும். அவ்வளவுதான், தெருவுல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஷாஃப்டுக்கு ஓடுவோம். யார் வீட்டு ஆளு மேல வர்றாங்க, யார் வரலைன்னு பார்க்க. உங்க மாமா கூண்டுலேருந்து வெளிய கால வைக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. வீட்டுக்கு வந்து அவர் செய்யற முதல் வேலை, அந்தக் கதவுக் கீலைச் சரிபண்றதுதான்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெட்டி எடுத்த இடத்துல மரத்த முட்டுக் கொடுத்தோம். மரம் அமுங்கிடுச்சு. அப்புறம் கருங்கல்லு அடுக்கிச் சுவர் வெச்சாங்க. அதுக்கும் அப்புறம் கான்கிரீட்டைக் கொட்டி அடைச்சாங்க. அதுக்குப் பின்னாடிதான் வெடிக்கிறது குறைஞ்சுது. முழுக்க நிக்கலை, குறைஞ்சுது. எடுத்த இடத்த ரொப்பணும் சார். சும்மா வுட்டா, என்னத்த முடுக்கினாலும் நிக்காது."

அவர் சொன்னது பாறையைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊரிலிருந்து 2001ல் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்தார்கள். வேலை என்பது அதன் பெயர். அந்த இடத்தில் இட்டு நிரப்ப ஒன்றும் வரவில்லை. ராணுவத் தளவாடமும் மண்வாரி இயந்திரங்களும் செய்யும் பெமல் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. ஆனால் சுரங்கத்தை நம்பியிருந்த அத்தனை பேரையும் அது ஒன்றே தாங்க முடியாது. மீதிப் பேர் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஊர் அந்த ரயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கும் கதவு மாதிரி.

காலையில் பசை கல்லாக இருந்தது. பெரியவர் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலைப் பிளேடால் மழமழவென்று சீவினார். ஸ்க்ரூவைவிட மெல்லிய துளை போட்டார். துளை போடாமல் திருகினால் அடைத்த குச்சி பிளந்துவிடும். ஸ்க்ரூ நுனியைத் துணி சோப்பில் தேய்த்து, மெஷின் வேண்டாம் என்று கையாலேயே இறக்கினார். நீளமான ஸ்க்ரூவைப் பையன் நீட்டியபோது, பலகையின் கனத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் மூக்கை நீட்டும்" என்று மறுத்துவிட்டார். எடை அதிகமான பெரிய கதவுக்கு மட்டும் ஸ்க்ரூவே வேண்டாம் என்றார். பலகையை ஊடுருவும் போல்ட், இரு பக்கமும் வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நட். குலுக்கலுக்கு அந்த நட் லேசில் கழலாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு கதவை மூடி, விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று ஆடியது. "இதோ பாரு, உன் வியாதிக்கு மூலம். காந்தம் வெச்சிருக்கான் பட்டறைக்காரன். வளைவுல வண்டி திரும்பறப்போ உள்ள இருக்கிற சாமான் கதவ இடிக்கும், காந்தம் வுட்டுரும். கதவு அடிச்சுக்கிட்டே போனா கீலு எத்தனை நாள் தாங்கும்?" காந்தத்தோடு ஒரு கொக்கியையும் போடச் சொன்னார். கதவு உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டினார். கனமான பாத்திரங்களைக் கீழ்த் தட்டுக்கு மாற்றச் சொன்னார். மறுபடி தட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

பணம் வாங்க மறுத்துவிட்டார். பதிலாக ஆண்டர்சன்பேட்டை வரை ஒரு சவாரி கேட்டார். முன் சீட்டில் உட்காராமல், உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் கதவுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் அசையவில்லை.

கிளம்பும்போது மீதி மூங்கில் குச்சிகளை ஒரு பேப்பரில் மடித்துப் பையன் கையில் கொடுத்தார். "ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா எல்லாக் கீலையும் ஆட்டிப் பாரு. ஆடினா அன்னிக்கே செய். தள்ளிப் போடாதே."

அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம், சரி. என்னை எப்படா வந்து பார்ப்பீங்க?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.