பெண்ணின் பாதுகாப்புக்கு விலை 1,22,360 ரூபாயா?

2014 ஜனவரி மாதத்தில், கான்பூரிலுள்ள இந்திய சர்க்காரின் ஆயுதத் தொழிற்சாலை புதிய ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெண்களின் தற்காப்புக்கென்றே செய்யப்பட்டது என்று விளம்பரம் செய்தார்கள். பெயர் 'நிர்பீக்'. அச்சமற்றவர் என்று பொருள். 2012 டிசம்பர் 16 இரவு, டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு கும்பலால் சிதைக்கப்பட்டு, பின்னர் உயிர் நீத்த மாணவிக்குப் பத்திரிகைகள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயருக்கும் பொருள் இதுவேதான். ரிவால்வரின் எடை 500 கிராம். கைப்பையில் அடங்கும். நகைப் பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். விலை 1,22,360 ரூபாய்!

அந்த மாணவியின் சாவுக்கு நியாயம் கேட்டு நாடே கொதித்தெழுந்தது. அதற்கு சர்க்காரின் ஒரு தொழிற்சாலை தந்த பதில் இது: "விலை கொடுத்து வாங்கு, உன்னை நீயே காப்பாற்றிக் கொள்!"

அந்த வியாபாரம் அத்துடன் நிற்கவில்லை. 2021இல் ஆயுதத் தொழிற்சாலைகளின் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாக்கப்பட்டது. அவற்றில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனி, 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற இன்னொரு ரிவால்வரைக் கொண்டு வந்தது. ஆகவே "தற்காப்புக்கு எந்த ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பது?" என்ற கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து தனியே வீடு திரும்பும் பெண் இதைக் கேட்டால், அது வீண் கேள்வி அல்ல. நேராகவே பதில் சொல்வோம்.

இலேசான ரிவால்வரைச் சுமப்பது எளிது; சுடுவது கடினம். எடை குறையக் குறைய, வெடிக்கும்போது கையை உதைக்கும் வேகம் கூடும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தினால், அந்த ஒரே இழுப்பில் தோட்டா உருளை சுழன்று, சுத்தியல் பின்னே போய் விழ வேண்டும். அதற்கு விரலில் பலம் வேண்டும். பழகாத கை அந்த இழுப்பிலேயே குறி தவறும். 'பிரபல்' 50 மீட்டர் வரை சுடும் என்பது அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பெண்ணைத் தாக்க வருகிறவன் 50 மீட்டர் தூரத்திலா நிற்கிறான்? இரண்டு கஜ தூரத்தில் நிற்கிறான். பல சமயங்களில் கையைப் பிடித்த பிறகுதான் அவன் யாரென்றே தெரிகிறது. பெட்டியில் பூட்டி வைத்த துப்பாக்கி அப்போது உதவாது. பூட்டாமல் வைத்தாலோ, வீட்டிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. சுருங்கச் சொன்னால், இடைவிடாத பயிற்சி இல்லாதவர் கைக்கு நல்ல ரிவால்வர் என்று ஒன்று கிடையாது.

சரி, பயிற்சி பெற்று விட்டாள் என்றே வைத்துக் கொள்வோம். வாங்க முடியுமா? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். மனுப் போட வேண்டும், போலீஸ் விசாரணை நடக்க வேண்டும், ஜில்லா அதிகாரிகள் திருப்தியடைய வேண்டும். பிறகு விலை. 2014இல் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் உழைத்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் கூலி என்று கணக்கிட்டால், வருஷத்தின் 100 நாளும் தவறாமல் வேலை கிடைத்திருந்தாலும், சம்பாத்தியம் 15,000 ரூபாய். அரிசி, பருப்பு, மருந்து எதுவும் வாங்காமல் எட்டு வருஷத்துக்கு மேல் சேர்த்திருந்தால்தான் ஒரு 'நிர்பீக்' கிடைத்திருக்கும். தோட்டாவுக்குத் தனிக் காசு!

வயலில் நாற்று நடுகிறவளுக்கும், செங்கல் சூளையில் மண் சுமக்கிறவளுக்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அந்த அரக்கு நிறப் பெட்டியில் இடமில்லை. கொடுமைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் அவர்கள்தானே?

இன்னொரு உண்மையையும் மறைக்கலாகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பதிவான பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், வேலை கொடுக்கும் முதலாளி, மணம் செய்து கொள்வதாகச் சொன்னவன். இவர்கள் ஒவ்வொருவரையும் எதிர்பார்த்து, சமையலறையிலும் பட்டறையிலும் ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு நிற்க முடியுமா?

துப்பாக்கி பெருகினால் பாதுகாப்பும் பெருகும் என்பார் உண்டு. 2016 முடிவில் நாடெங்கும் இருந்த சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்களில், 12.7 லட்சத்துக்கு மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. அங்கே பெண்கள் அச்சமின்றி நடமாடுகிறார்கள் என்று எந்த மந்திரியாவது மார்தட்டிச் சொல்வாரா?

அதே மாகாணத்தின் உன்னாவ் ஜில்லாவில் நடந்ததை நாடு அறியும். ஆளும் கட்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் மீது ஒரு சிறுமி 2017இல் பலாத்காரப் புகார் சொன்னாள். 2018 ஏப்ரலில் அவளுடைய தகப்பனார் அடித்து நொறுக்கப்பட்டார். அடித்தவர்களைப் பிடிக்க வேண்டிய போலீஸ், அவர் கையில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாக ஆயுதச் சட்டப்படி வழக்குப் போட்டு அவரையே சிறைக்கு அனுப்பியது. காவலிலேயே அவர் மாண்டார். பலாத்கார வழக்கில் 2019 டிசம்பரில் அந்தப் பிரமுகருக்கு டெல்லி கோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது. தகப்பனாரின் சாவுக்காக 2020 மார்ச்சில் பத்தாண்டு சிறை விதித்தது. பிரபுவுக்குத் துப்பாக்கி கௌரவச் சின்னம். ஏழைக்கோ, அவன் தொடாத துப்பாக்கியும் கைவிலங்கு! 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், 44 உயிர்கள் குடிசைக்குள் கருகியபோது, துப்பாக்கி யார் பக்கம் இருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியானால் பெண் வெறுங்கையோடு நின்று சாக வேண்டுமா?" என்று கேட்கலாம். இல்லை. தாக்க வருகிறவனை எதிர்த்துத் தாக்கும் உரிமை அவளுக்கு உண்டு. பலாத்கார நோக்கத்தோடு பாய்கிறவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் அது தற்காப்பு என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தின் 38ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. உயிருக்கு மெய்யான ஆபத்துள்ள பெண் லைசென்ஸ் கேட்டால், அவளை அலைக்கழிக்காமல் தரட்டும். முறையான பயிற்சியும் அளிக்கட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு பெண் ரிவால்வர் வாங்கிவிட்டாள் என்பதால் சர்க்காரின் கடமை தீர்ந்து விடாது.

டெல்லியில் அன்றிரவு இல்லாமல் போனது எது? முனிர்காவில் அந்த மாணவியும் நண்பரும் வீடு திரும்ப வண்டி கிடைக்காமல் நின்றார்கள். நம்பி ஏறக்கூடிய சர்க்கார் பஸ் ஒன்று அந்நேரம் வந்திருந்தால் போதும். வந்தது ஒரு தனியார் பஸ். வழியில் நிற்கும் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமையே கிடையாது. கறுப்புக் கண்ணாடியும் திரையுமாகத் தலைநகரின் வீதிகளில் அது சுற்றிச் சுற்றி ஓடியது. தடுத்து நிறுத்த ஒரு போலீஸ்காரர் இல்லை.

அதன் பின் அமைந்த நீதிபதி வர்மா கமிட்டி, 80,000க்கு மேற்பட்ட யோசனைகளைப் பெற்று, 29 நாளில் அறிக்கை தந்தது. சட்டத்தில் மட்டுமல்ல, போலீஸிலும் பொதுப் போக்குவரத்திலும் செய்ய வேண்டியதை அது விளக்கமாகச் சொன்னது. பெண்ணைத் துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி, பலாத்காரப் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் உண்டு. அந்தப் பிரிவைத் தூசி தட்டி எடுத்தாலே எத்தனையோ தகப்பன்மார் உயிர் தப்பியிருப்பார்கள்!

ஆகவே பொதுமக்கள் கேட்க வேண்டியது இதுதான். இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலை வாசலுக்கு பஸ் வரட்டும். தெருவில் விளக்கு எரியட்டும். வேலைத் தலங்களில் புகார்க் கமிட்டி காகிதத்தில் அல்லாமல் உண்மையில் இயங்கட்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் அங்கேயே பதியட்டும். குற்றவாளி பிரமுகனானாலும் வழக்கு வருஷக் கணக்கில் இழுபடாமல் முடியட்டும்.

இவற்றை எந்தப் பெண்ணும் தனியே கடையில் வாங்க முடியாது. ஆலையிலும் வயலிலும் தெருவிலும் ஆணும் பெண்ணும் ஒன்றுபட்டு வற்புறுத்தினால் பெற முடியும். பெற்றுவிட்டால், லட்ச ரூபாய் உள்ளவளுக்கும் பத்து ரூபாய் இல்லாதவளுக்கும் அந்தப் பாதுகாப்பு ஒன்றாகவே கிடைக்கும்.