லோகோவுக்கு ஓட்டெடுப்பு நடத்தாதீங்க சாமிகளா!

ரொம்ப நாளா மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்த விஷயம். இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால கொட்டித் தீர்த்துடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். முதல் வாய் எனக்கே, அதனால யாரும் கோச்சுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரு லோகோவைக் காட்டிக் கருத்துக் கேட்கவும் நமக்குத் தெரியல, யாராவது கேட்டா சொல்லவும் தெரியல. ரெண்டும் தெரியாததால ஒரு நல்ல லோகோ செத்துப் போனதைக் கூடவே இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்ன, ஒரு கத்தி என் கையிலயும் இருந்துச்சு.

காலேஜ்ல என் கூடப் படிச்சவன் ஒருத்தன். என்னை மாதிரியே பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவன், வேலையை விட்டுட்டு திருப்பூர்ல சின்னதா ஒரு டிசைன் ஸ்டூடியோ ஆரம்பிச்சான். அவன், அவன் மனைவி, ரெண்டு கம்ப்யூட்டர், மாடியில ஒரு ரூம். பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், டேக், அட்டைப்பெட்டி டிசைன் பண்ற வேலை. சேமிப்பு மொத்தமும் அதுலதான். பையனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க.

ஸ்டூடியோ பேரு வேண்டாம். 'ல்' எழுத்துல முடியற ஒரு தமிழ்ச் சொல். அந்த 'ல்' எழுத்தை மட்டும் லோகோவா எடுத்துக்கிட்டான். கறுப்புல, ஒரே இழுப்புல வரைஞ்ச மாதிரி ஒரு 'ல'. அதுக்கு மேல புள்ளி. செக்கச் செவேல்னு, வழக்கத்தைவிடப் பெரிசா, கொஞ்சம் மேல தூக்கி, வலது பக்கம் தள்ளி. அவ்வளவுதான். ஒரு மாசம் உட்கார்ந்து வேண்டாததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு இதை மிச்சம் வெச்சிருந்தான்.

அப்புறம் தான் அந்தத் தப்பைப் பண்ணான். சொந்தக்காரங்க, காலேஜ் பசங்க, பழைய ஆபீஸ் ஆளுங்கன்னு ஒரு அறுபது பேருக்கு அனுப்பி, "எப்படி இருக்கு? ஓப்பனா சொல்லுங்க"ன்னு கேட்டான்.

சொன்னாங்கய்யா, சொன்னாங்க!

"ஜப்பான் கொடி மாதிரி இருக்கு." "டிசைன் கம்பெனின்னு எப்படித் தெரியும்? ஒரு பென்சில் வைப்பா." "எக்ஸ்போர்ட் பார்ட்டிக்குத் தமிழ் தெரியுமா? இங்கிலீஷ்ல போடு." "சிவப்பு நம்ம ராசிக்கு ஆகாது, பச்சை வை" (இது பெரியப்பா). "ஊசி நூல் வந்தா திருப்பூர்னு தெரியும்ல?" "ஒரு உருண்டை வை, உலகம் பூரா பிசினஸ் பண்ணுவோம்னு அர்த்தம்." பாக்கிப் பேர் எல்லாம் "அருமை", "சூப்பர்", கட்டைவிரல்.

நான் என்ன சொன்னேன்? ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல டைப் அடிச்சது இன்னும் போன்ல இருக்கு. "மச்சி, நல்லாருக்கு. ஆனா ரொம்ப சிம்பிளா இருக்கே? இதுக்கா ஒரு மாசம்?"

ஒரு மாச உழைப்புக்கு நான் குடுத்த நேரம் அரை நிமிஷம் இருக்காது.

மூணு வாரம் கழிச்சு அந்த 'ல்' பதினாலாவது அவதாரம் எடுத்திருந்துச்சு. 'ல' பச்சையாகி, கீழ போகப் போக மஞ்சளாச்சு. புள்ளி பூமி உருண்டையாச்சு. அதைச் சுத்தி நூல், நூலோட நுனியில பென்சில், அடியில இங்கிலீஷ்ல பேரு, அதுக்கும் அடியில ஒரு வாசகம். அறுபது பேருக்கும் சந்தோஷம். ஏன்னா ஒவ்வொருத்தரும் சொன்னது ஒண்ணு அதுக்குள்ள இருந்துச்சு. அவனுடையது மட்டும் தான் இல்ல.

விசிட்டிங் கார்டுக்குப் பதிலா தன் லோகோவையே லேபிளா நெய்து குடுக்கணும்னு அவனுக்கு ஒரு ஆசை. லேபிள் டிசைன் பண்றவன் கையில லேபிளே கார்டு. நல்ல யோசனை தானே? ரெண்டாயிரம் லேபிள் நெய்து வந்துச்சு. அகலம் ரெண்டு சென்டிமீட்டர். நெசவுல ஒவ்வொரு கலருக்கும் ஒரு நூல். பச்சை மெல்ல மெல்ல மஞ்சளா மாறுற வித்தையெல்லாம் அங்க நடக்காது. பூமி உருண்டை நசுங்கின தக்காளி ஆயிடுச்சு. வாசகம் எறும்பு ஊர்ந்த மாதிரி. முதல்ல பார்க்கப் போன கம்பெனியில மெர்ச்சண்டைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நீங்க ஆர்கானிக் கடையா வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாராம். ஆர்டர் கிடைக்கல.

லேபிள் டிசைன் பண்றேன்னு போனவன், லேபிள்ல நிக்காத ஒரு லோகோவைக் கையில குடுத்திருக்கான். இதைவிட வேறென்ன வேணும்? டிசைன் ஸ்டூடியோவுக்கு லோகோங்கறது வெறும் அடையாளம் இல்ல. அது தான் முதல் சாம்பிள். அதுவும் இல்லாம, தன் லோகோவையே பெரியப்பா சொன்னார்னு பச்சையாக்கினவன், நாளைக்குக் கஸ்டமர் சொல்ற எதை வேண்டாம்னு சொல்லப் போறான்?

பணத்தை விடுங்க. அன்னிக்கு ராத்திரி போன்ல அவன் சொன்னது தான் என்னைத் தூங்க விடல. "எது நல்லா இருக்குன்னே எனக்கு இப்ப தெரியலடா." ஒரு டிசைனர் இப்படிச் சொல்றது, ஒரு சமையல்காரர் நாக்கு மரத்துப் போச்சுன்னு சொல்ற மாதிரி.

சரி, நம்ம தொழிலுக்கு வருவோம். ஒருத்தர் நம்ம கிட்ட வந்து, "புரோகிராம் கொஞ்சம் டல்லா இருக்கு, இன்னும் ஜாலியா எழுதுங்களேன்"னு சொன்னா என்ன பண்ணுவோம்? பக் ரிப்போர்ட்டுன்னா என்ன செஞ்சீங்க, என்ன எதிர்பார்த்தீங்க, என்ன நடந்துச்சுன்னு மூணும் வேணும், இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவோம். அதே நாம ஒரு லோகோவைப் பார்த்ததும், "பச்சை வை"ன்னு ஒரே வரியில தீர்வு எழுதிடறோம். பிரச்சினை என்னன்னு யாருமே சொல்றதில்ல.

பார்க்கின்சன் 1957ல வந்த புத்தகத்துல ஒரு கமிட்டி பத்தி எழுதினார். அணு உலைக்கான திட்டம் சில நிமிஷத்துல பாஸ் ஆயிடும், ஏன்னா யாருக்கும் அதுல ஒண்ணும் புரியாது. சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை போடற விஷயம் மட்டும் இழுத்துக்கிட்டே போகும், ஏன்னா எல்லாருக்கும் அது தெரியும். லோகோ தான் டிசைன் உலகத்தோட சைக்கிள் ஷெட். கண்ணு இருக்கிற எல்லாருக்கும் கருத்து இருக்கு.

"அப்ப மக்கள் கருத்தே வேண்டாமா? பார்க்கப் போறது மக்கள் தானே? பெரிய கலாரசிகனோ நீ?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மக்கள் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா நீதிபதியா இல்ல, சாட்சியா. சாட்சி என்ன பண்ணணும்? பார்த்ததைச் சொல்லணும். தீர்ப்பு எழுதக் கூடாது.

லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோ ஞாபகம் இருக்கா? 2007 ஜூன்ல வெளியிட்டாங்க. உடைஞ்ச கண்ணாடித் துண்டுங்க மாதிரி கோணல் மாணலா இருக்குமே, அதேதான். ஊரே சிரிச்சுது. பல்லாயிரம் பேர் மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. மாத்தல, 2012 வரைக்கும் அதே லோகோ தான். ஆனா அந்தக் கூச்சலுக்கு நடுவுல ஒரே ஒரு விஷயத்துக்கு உடனே காது குடுத்தாங்க. லோகோவோட வந்த அனிமேஷன் படத்துல ஒரு காட்சி வலிப்பு நோய் உள்ளவங்களைப் பாதிக்குதுன்னு புகார் வந்துச்சு, அதைத் தூக்கிட்டாங்க. 'அசிங்கமா இருக்கு'ங்கறது தீர்ப்பு. 'இதைப் பார்த்தா வலிப்பு வருது'ங்கறது சாட்சி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு தான்.

"2010ல கேப் துணிக் கம்பெனி மக்கள் கத்தினதால தானே புது லோகோவை வாபஸ் வாங்குச்சு?"ன்னு ஒருத்தர் மடக்கலாம். வாங்குச்சு, ஒரே வாரத்துல. ஆனா அங்க மக்கள் இருபது வருஷமாப் பழகின நீலப் பெட்டியை இழந்தாங்க. எது போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும், சொன்னாங்க. நடுவுல அந்தக் கம்பெனி, "சரி, நீங்களே வரைஞ்சு அனுப்புங்க"ன்னும் சொல்லிப் பார்த்துச்சு. சில நாள்ல அதையும் கைவிட்டுடுச்சு. நேத்து ஆரம்பிச்ச மாடி ரூம் ஸ்டூடியோவோட லோகோல யாருக்கு என்ன பழக்கம் இருக்கு? புதுசு எதுவும் முதல் பார்வைக்கு அந்நியமாத்தான் தெரியும். நைக்கியோட அந்த வளைவு 1971ல ஒரு மாணவி வரைஞ்சது, கூலி 35 டாலர். பில் நைட்டுக்கே அப்ப அது பெரிசாப் பிடிக்கல, பழகப் பழகப் பிடிச்சுடும்னு எடுத்துக்கிட்டார். அன்னிக்கு அறுபது பேர்கிட்ட கேட்டிருந்தா அதுல ஒரு ஷூ படமும் சேர்ந்திருக்கும்.

நம்ம ரூபாய்க் குறியையே எடுத்துக்கோங்க. யார் வேணா வரைஞ்சு அனுப்பலாம்னு போட்டி வெச்சாங்க. மூவாயிரத்துக்கும் மேல வந்துச்சு. ஆனா நாட்டு மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்கல. நடுவர் குழு அஞ்சைத் தேர்ந்தெடுத்துச்சு, 2010 ஜூலையில நம்ம ஊர்க்காரர் உதயகுமார் வரைஞ்சதை மத்திய அமைச்சரவை எடுத்துக்கிச்சு. யோசனை எங்கிருந்தும் வரலாம். முடிவு எடுக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கணும்.

சரி, எப்படித்தான் கேக்கறது? நண்பன்கிட்ட அப்புறம் நான் சொன்னது, சொல்லியிருக்க வேண்டிய நேரத்துல சொல்லாதது:

1. "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதே. அஞ்சு செகண்ட் காட்டு, மூடு, "என்ன பார்த்தே? வரைஞ்சு காட்டு"ன்னு கேளு. வரைய முடிஞ்சா மனசுல தங்கியிருக்கு.

2. "இது என்ன கம்பெனியா இருக்கும்?"னு உன்னைத் தெரியாதவங்ககிட்ட கேளு. பெரியப்பாகிட்ட வேண்டாம்.

3. லோகோ வாழப் போற இடத்துல வெச்சுப் பாரு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், பில்லுல குத்தற ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸப் வட்டம், பிரவுசர் டேப்ல வர்ற 16 பிக்சல், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பார்க்கிற போர்டு, ரெண்டு சென்டிமீட்டர் லேபிள்.

4. ஆறு மாடல் வெச்சு "எது பிடிச்சிருக்கு?"ன்னு கேக்காதே. அது தேர்தல்.

5. யார் தீர்வு சொன்னாலும், "அப்படின்னா எது உறுத்துச்சு?"ன்னு ஒரு தடவை திருப்பிக் கேளு. பென்சில் வைன்னு சொன்னவர் நிஜமா சொல்ல வந்தது, "என்ன தொழில்னு புரியல"ங்கறது. அந்தக் குறைக்கு மருந்து பென்சிலா இருக்கணும்னு அவசியம் இல்ல, லோகோ பக்கத்துல தொழிலை ஒரு வரி எழுதினாப் போதும்.

இப்ப, கதையில நான் சொல்லாம விட்ட ஒண்ணு. அந்த அறுபது பேர்ல ஒரே ஒருத்தர் உருப்படியாச் சொல்லியிருந்தார். லேபிள் தறி வெச்சிருக்கிற ஒரு பெரியவர். முதல் லோகோவைப் பார்த்துட்டு அவர் சொன்னது: "ஏந்தம்பி, புள்ளி இப்படி எட்ட நின்னா சின்னதா நெய்யறப்ப எழுத்தோட சேராதுங்க. அழுக்குன்னு நினைச்சுக்குவாங்க. 'ல்'லை 'ல'ன்னு படிச்சுப்போடுவாங்க."

நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்தை இல்ல. பச்சை, சிவப்பு இல்ல. எந்த இடத்துல, எப்படி உடையும், உடைஞ்சா என்ன ஆகும். இதைவிட ஒரு பக் ரிப்போர்ட் யாராலயும் எழுத முடியாது. தமிழ்ல புள்ளி அலங்காரம் இல்லையே, அது போனா எழுத்தே மாறிடும். அவன் லோகோவோட நிஜமான ஒரே குறை அது தான். பூமி உருண்டைக்கும் பென்சிலுக்கும் நடுவுல அந்தக் குரல் அமுங்கிப் போச்சு. என்னோட "ரொம்ப சிம்பிளா இருக்கே"யும் அதை அமுக்கின ஒரு கை.

போன மாசம் நண்பன் பழைய 'ல்'லுக்கே திரும்பிட்டான். புள்ளியை எழுத்துக்குப் பக்கத்துல இழுத்துட்டான், இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினான், வேற எதையும் தொடல. ஒரு பிரதியை எனக்கு அனுப்பினான். இந்தத் தடவை எதுவும் கேட்கல, வெறும் படம் மட்டும் தான் வந்துச்சு. நான் ஆபீஸ் பிரிண்டர்ல கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு வெள்ளையில அடிச்சு, பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இது என்ன எழுத்து?"ன்னு கேட்டேன். "இல் தானே, ல் மேல புள்ளி"ன்னார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்: "நகம் அளவு, ஜெராக்ஸ் கறுப்பு, ஒரு ஆள், சரியாப் படிச்சார்."

நல்லாருக்குன்னு சொல்லல. ரெண்டு நிமிஷம் கழிச்சு, "தேங்க்ஸ்டா"ன்னு வந்துச்சு.

டிஸ்கி: வீணாப்போன லேபிள்ல ஒரு கட்டு என் மேஜை டிராயர்ல இருக்கு. யாராவது "எப்படி இருக்கு, ஓப்பனா சொல்லு"ன்னு எதையாவது அனுப்பினா, பதில் அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை எடுத்துப் பார்த்துக்கறேன். உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, நிறைய இருக்கு :-)