புழக்கடையில் ஒரு குட்டை

சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதியபோது, இடவசதி உள்ளோர் புழக்கடையில் சிறு குட்டையொன்று அமைத்துக்கொண்டால் பறவைகளும் தும்பிகளும் தேடி வரும் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். தோட்டத்தைப் பற்றி எழுதிய மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றியே பலர் கடிதம் எழுதியுள்ளனர். அவற்றுள் கோவில்பட்டியிலிருந்து ஓர் அன்னை எழுதிய கடிதம் நம்மைச் சற்று நிறுத்தி வைத்தது. “ஒரு குடம் நீருக்காகத் தெருக்குழாயில் இரவெல்லாம் காத்துக் கிடந்து வளர்ந்தவள் நான். தவளைக்கும் தட்டானுக்கும் நீரைத் தேக்கி வைப்பது எனக்குப் பாவமாகப் படுகிறது” என்று அவர் எழுதுகிறார்.

நேர்மையான கேள்வி. சீவலப்பேரியில் எடுக்கப்படும் தாமிரபரணி நீர் நெடுந்தொலைவு குழாயில் வந்து சேரும் ஊர் அது. அவ்வாறு வந்த நீரைக் குட்டையில் ஊற்றுவது முறையன்று என்பதே நமது கருத்தும். ஆயினும் குட்டை வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். கரிசல் பூமியில் குட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் கண்மாய்களே காட்டிக்கொண்டிருக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கண்மாய் நிறைகிறது. தை, மாசியில் கரையை விட்டு உள்ளிறங்குகிறது. சித்திரையில் அதனுள் ஆடு மேய்கிறது. அதனால் கண்மாய் கெட்டுவிட்டது என்று ஊரார் எவரும் சொல்வதில்லை. புழக்கடைக் குட்டையும் இவ்வாறே மழையில் நிறைந்து வெயிலில் வற்ற வேண்டும். ஆண்டு முழுவதும் ததும்பி நிற்கும் குட்டை குளிர்நாட்டுப் படங்களுக்கு அழகாயிருக்கலாம். இங்கே அது வீண் செலவு.

கணக்கைப் பார்ப்போம். பத்தடி நீளம், எட்டடி அகலம், நடுவில் இரண்டடி ஆழம், சுற்றிலும் சரிவு என்று ஒரு குட்டை வெட்டினால் அதில் ஏறத்தாழ 3,000 லிட்டர் நீர் நிற்கும். நமது கோடை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்குக் கால் அங்குலத்துக்குக் குறையாமல் ஆவியாகிறது. இக்குட்டையளவில் அது அன்றாடம் மூன்று குடத்துக்கு மேல். இதனைக் குழாய் நீரால் ஈடுகட்ட முற்படுவோர் அந்த அன்னையின் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மழை நீரின் கணக்கோ வேறு. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்துக்கு உரியது. ஐந்நூறு சதுர அடித் தட்டோடு ஒன்றின் மேல் ஆண்டு முழுவதும் விழும் நீர் 32,000 லிட்டர் அளவில் வரும். வழியில் வீணாவது போக, பருவ மழையில் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நம் குட்டையை மும்முறை நிரப்பலாம். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. சேகரிப்புக் குழி நிறைந்து வழியும் நீரைச் சிறு வாய்க்கால் வழியே குட்டைக்குத் திருப்பினால் போதும். வீட்டுக்குரிய நீரில் ஒரு குடமும் குறையாது.

காமநாயக்கன்பட்டி மாதா திருவிழா ஆகஸ்டு 15இல் முடிந்தபின் வரும் ஆவணி மாதமே வெட்டுவதற்கு ஏற்ற காலம். ஒரு மழை நனைத்த மறுவாரம் மண்வெட்டி நன்கு இறங்கும். அதற்கு முன் கடப்பாரையும் துள்ளும். வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியேனும் தள்ளி வெட்டுவது நன்று. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் இது. அடித்தளத்தின் அருகே நீர் தேங்கினால் சுவர் வெடிக்கும். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த உப்பும் குணமே குட்டைக்கு நன்மையாகவும் அமைகிறது. முதல் மழை நீர் வெடிப்புகளின் வழியே இறங்கி மறைந்துவிடும். சிலர் அதைக் கண்டு மனம் சோர்ந்து சிமெண்டு வாங்கப் போகிறார்கள். பொறுத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மழைக்குப் பின் மண் உப்பி, வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். அடித்தளத்தில் நீர் விட்டு, பிள்ளைகளை இறக்கி நன்றாக மிதிக்கச் செய்தால் இன்னும் விரைவில் மூடும். அவ்வேலைக்கு அவர்களை வற்புறுத்த வேண்டியிராது. ஆழத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கரிசலுக்கு அடியில் பல இடங்களில் வெண்ணிறச் சுக்கான் கல் இருக்கிறது. அதைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதை உடைத்துவிட்டால் நீர் நிற்பது அரிது. ஒரு பக்கமேனும் மாடு இறங்கும் துறைபோல் நீண்ட சரிவாய் இருக்கட்டும். செங்குத்தான சிமெண்டுத் தொட்டியில் அணிற்குஞ்சு விழுந்தால் ஏறி வர வழியில்லை.

இதெல்லாம் புதுமையன்று. 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் மானாவாரி ஆய்வு மையங்களுள் ஒன்று. ஓடிப்போகும் மழை நீரைப் பண்ணைக்குட்டையில் பிடித்து, மழை தவறிய நாட்களில் பயிருக்கு ஒரு தண்ணீர் கொடுப்பது மானாவாரி உழவர்களுக்கு வேளாண் அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் முறை. புழக்கடைக் குட்டை அதன் குழந்தை.

இனி விருந்தினரைப் பற்றிச் சொல்வோம். நீர் நின்ற மறுநாளே தட்டான்கள் வந்துவிடும். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வியப்பே மிஞ்சும். பருவ மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பொன்னிறத் தட்டானைப் பிள்ளைகள் நன்கு அறிவர். அது வடகிழக்குக் காற்றோடு இந்தியாவிலிருந்து மாலத்தீவைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை பறந்து செல்கிறது என்று மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் 2009ஆம் ஆண்டு எழுதினார். அது முட்டையிடத் தேர்ந்தெடுப்பது ஆற்றையோ ஏரியையோ அன்று. மழையில் தோன்றி வெயிலில் மறையும் குட்டைகளையே. அதன் குஞ்சுகள் ஆறேழு வாரங்களில் நீரிலேயே வளர்ந்து, கோரைத் தண்டில் ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடுகின்றன. விடியற்காலையில் கோரையைப் பார்த்தால் வெறுங்கூடு ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். தட்டானின் வாலில் நூல் கட்டும் விளையாட்டை அவர்கள் தாமாகவே விட்டுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

தவளைகளின் வரவைக் காதே சொல்லிவிடும். முதற் பெருமழை இரவில் ஆண் பெருந்தவளைகள் மஞ்சள் பூசிக்கொண்டாற்போல் நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப்பைகள் புடைக்கக் கூப்பிடும். தேரை இடும் முட்டைகள் கரும்பாசி மணி கோத்ததுபோல் நீண்ட சரமாய் நீர்ச்செடிகளில் சுற்றிக் கிடக்கும். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பெண்களை அலற வைக்கும் அந்தப் பழுப்பு மரத்தவளை, நீருக்கு மேலே கிளையிலோ இலையிலோ வெண்ணுரையால் கூடு கட்டுகிறது. முட்டைகள் அந்த நுரைக்குள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாய்க் கீழே நீரில் சொட்டுகின்றன. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987இல் தடை செய்தது. வயலில் அவை தின்னும் பூச்சிகளின் கணக்கை அறிந்தவர்கள் அன்று மகிழ்ந்தார்கள்.

குட்டையில் நீந்துபவற்றைக் காட்டிலும் அதன் ஈரக்கரையை நாடுபவையே மிகுதி. தேனீக்கள் வெயில் ஏறியதும் வரிசையாய் வந்து நீர் உறிஞ்சிச் செல்லும்; கூட்டைக் குளிர்விக்க அவற்றுக்கு நீர் தேவை. குளவி ஈரக் கரிசலை உருண்டையாக்கி எடுத்துச் சென்று நம் சன்னல் மூலையில் வீடு கட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து சண்டையிட்டுக்கொண்டே குளிக்கும். மார்கழியில் வாலாட்டிக் குருவி கரையோரம் ஓடி ஓடிப் புழு பொறுக்கும். மடையான் ஒரு கல்லின்மேல் மணிக்கணக்கில் அசையாது நிற்கும். வெண்மார்பு மீன்கொத்தி மீன் இல்லாவிடினும் வரும். வெட்டுக்கிளியும் ஓணானும் அதற்குப் போதும். சில தெருக்களில் மயிலும் வருகிறது; அடுத்தவர் பயிரை அழிக்கிறதென்று அதன்மேல் உழவர்களுக்குள்ள கோபமும் நியாயமானதே.

வீட்டுக் கொல்லையில் பறவைகளோடு வாழ்வது இயலுமா என ஐயுறுவோர், நெல்லை மாவட்டத்தில் நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள கூந்தன்குளத்தை ஒருமுறை பார்த்து வரலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுநாள் முன்பே அவ்வூரார் பறவைகளைத் தம்மவராக ஏற்றுக்கொண்டவர்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரங்களோடு நில்லாமல் வீட்டு வளவுகளில் உள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. முற்றத்தில் எச்சம் விழுகிறது. மீன் நாற்றமும் வீசுகிறது. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு எருவாகிறது என்பதையும் அவ்வூரார் அறிவர்.

கொசுவைப் பற்றியே கடிதங்களில் பாதி கேட்கின்றன. முட்டையிலிருந்து எட்டுப் பத்து நாட்களில் கொசு பறந்துவிடும். ஆகவே நீர் நின்ற முதல் மூன்று வாரமும் நாம் விழித்திருக்க வேண்டிய காலம். தட்டான் குஞ்சுகளும் நீர்வண்டுகளும் அதற்குள் போதிய அளவு வளர்ந்திரா. கண்மாயில் பிடித்த கெண்டைக் குஞ்சு பத்துப் பன்னிரண்டை முதல் வாரமே விட்டுவிடுவது நன்று. வெள்ளைக் கிண்ணத்தால் வாரம் ஒருமுறை கரையோர நீரை மொண்டு பாருங்கள். நெளியும் புழு கண்ணுக்குத் தெரியும். கம்பூசியா என்னும் அயல்நாட்டு மீனை இதற்கென 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் தின்னும். உலகின் மிகக் கொடிய நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. நமக்கு அது வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரிதும் விரும்புவது மூடாத தொட்டியையும் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும்தான். குட்டையைக் காக்கும் வீட்டார் முதலில் அவற்றை அகற்ற வேண்டும்.

நடக்கக் கற்கும் குழந்தை உள்ள வீட்டில் குட்டை வேண்டாம். இதில் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஒரு சாண் நீரும் குழந்தையின் உயிரைக் குடிக்கும். ஓசை கூடக் கேளாது. பிள்ளைகள் நாலைந்து வயது கடந்தபின்னும் இடுப்பளவு வேலியும் தாழிட்ட படலும் இருக்கட்டும். தவளை உள்ள இடத்துக்குப் பாம்பும் வரக்கூடும். பெரும்பாலும் வருவது நஞ்சற்ற தண்ணீர்ப்பாம்போ சாரையோ ஆகும். ஆயினும் நாகம் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. கரையில் கற்குவியலும் விறகும் போட வேண்டாம். இரவில் விளக்கின்றிப் போகவும் வேண்டாம். கடிபட்டால் கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

மழை நின்று ஏறத்தாழ நூறு நாட்களில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பங்குனியில் நீர் திட்டுத் திட்டாய் நிற்கும்போது கொசுவுக்கு மீண்டும் வாய்ப்பு உண்டாகும். அப்போது மீன்களைப் பிடித்துக் கல்தொட்டியிலோ கண்மாயிலோ விட்டுவிட்டு, மிஞ்சிய நீரை வாளியால் மொண்டு முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றிவிடலாம். தவளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்தாறு வாரத்திலேயே தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறியிருக்கும். பெரியவை ஈரம் தேடிக் கல்லிடுக்கிலும் கரிசல் வெடிப்பிலும் புகுந்துகொள்ளும். அல்லிக் கிழங்கும் சேற்றுக்குள் உறங்கிக் கிடக்கும், தோண்டிப் பார்க்கலாகாது. வெயிலில் நடக்கும் பறவைக்கும் அணிலுக்கும் நிழலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தால் போதும். நாளொன்றுக்கு ஒரு செம்பு செலவாகும். கோவில்பட்டி அன்னை இதையாவது மறுக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

சித்திரையில் காய்ந்த அடிமண்ணை இரண்டு விரற்கடை வழித்தெடுத்துத் தோட்டத்தில் போடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் மூடிய அடி திறந்துகொள்ளும். அல்லிக் கிழங்கு எங்குக் கிடைக்கும் எனக் கேட்டுள்ள வாசகர்கள் தம் ஊர்க் கண்மாயிலேயே தை மாதத்தில் தேடலாம். அங்கு ஆகாயத்தாமரை இருந்தால் அதன் ஓர் இலையும் ஒட்டிக்கொண்டு வராதபடி கழுவி எடுத்து வாருங்கள்.