தீ தொட்ட நேரம்

தம்பி!

மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அதற்கடுத்துப் பொன்னேரி, அப்பால் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்கள். அங்கே ஓர் அடுப்படியில், ஒரு தாயின் சேலையிலே தீப்பற்றுகிறது என்று வைத்துக்கொள். நாடகமாயின் இவ்விடத்தில் திரை விழும். வாழ்விலே வண்டி ஓடவேண்டும். "கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோ" என்பர். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு பேர் பெற்றது, மறுக்கவில்லை. ஆனால், வழிநெடுக அவள் உடலின் நீர் வடிகிறதே, அதை ஈடுசெய்வது யார்?

எடை 50 கிலோ, தீப்புண் நூற்றுக்கு 40 பங்கு எனில், பார்க்லாந்து கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர் திரவம் இரத்தக் குழாய்வழி ஏறவேண்டும். அதிலே பாதி, முதல் 8 மணி நேரத்திலேயே! அந்த எட்டு மணியும் மருத்துவமனை வாயிலை மிதித்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதல்ல, தம்பி. தீ தொட்ட நேரத்திலிருந்து! மூன்று மணி வழியிலே கழிந்தால், மிச்சம் ஐந்தே.

பற்பசையும் பேனா மையும் பூசும் பேதைமை ஒழியட்டும். 20 நிமிடம் ஓடும் தண்ணீர் போதும். பிறகு வேண்டியவள் செவிலி. வீக்கம் காணுமுன் வளையலைக் கழற்றுபவள். குரல் கம்முவதைக் கேட்டே மூச்சுக்குழல் வெந்ததோ என ஐயுறுபவள். மணிக்கு மணி சிறுநீரை அளந்து, சொட்டின் வேகத்தைத் திருத்துபவள்.

சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021-இல் வந்தது, வரவேற்றோம். சாலையில் வீழ்ந்தவனுக்காக மணிக்கணக்குப் பார்த்த அரசு, அடுப்படியில் வெந்தவளுக்காகவும் பார்க்கட்டும். பொன்னேரி அரசு மருத்துவமனையில், நள்ளிரவாயினும், தீக்காயப் பயிற்சி பெற்ற செவிலி ஒருத்தி பணியில் இருந்தே தீரவேண்டும். கேட்போம், தம்பி, ஊர்தோறும் மேடை போட்டு!