‘கேம்ப் பிள்ளை’ என்ற பெயர் போகட்டும்

பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை. குமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள இந்த ஊர்களிலிருந்து காலையில் புத்தகப் பையோடு கிளம்பும் பிள்ளைகளில் அநேகர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: ‘கேம்ப் பிள்ளைகள்’.

2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடுகளுக்கும் மற்ற வசதிகளுக்கும் 317.40 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். பிள்ளையின் மனசுக்கு என்ன செய்தோம்?

சின்ன வகுப்பில் ஒன்றும் உறைப்பதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டும்போதுதான் பாஸ்போர்ட் எடுக்க முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது என்பது தெரியவருகிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2004-க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. ‘படிச்சு என்ன ஆகப்போகுது’ என்று ஒரு பிள்ளை புத்தகத்தை மூடி வைத்தால் அது சோம்பல் அல்ல, துக்கம். அதைத் திட்டித் தீர்க்க முடியாது.

குடியுரிமை தர வேண்டியது டெல்லி. வகுப்பறை நம் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டமும் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘குழந்தை’ என்றே சொல்கிறது. முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு வாரம் ஒருநாளாவது மனநல ஆலோசகர் வர வேண்டும். முகாமிலேயே வளர்ந்து பட்டம் முடித்த ஒருவரை அவருடன் அமர்த்தலாம். முகாமில் வளர்ந்தவருக்கு வீட்டு நிலைமையை விளக்க வேண்டியிருக்காது. ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ எதுவும் பள்ளி நேரத்தில் கூடாது. மாணவர்களுக்கு 14417 உதவி எண் இருக்கிறதே என்பார்கள். எதையாவது சொன்னால் குடும்பத்துக்கு என்ன வருமோ என்று அஞ்சி வளர்ந்த பிள்ளை, முன்பின் தெரியாத குரலிடம் வாய் திறக்காது.

தமிழுக்காகப் போராடி, 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் இது. நம் பேச்சில் மலையாள வாடை என்று வெளியூரில் கேலி கேட்டவர்கள் நாம். இங்கே ஒரு பிள்ளை இலங்கைத் தமிழில் ‘கதைக்கிறன்’ என்றதற்கு வகுப்பு சிரித்தால், ஆசிரியர் அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்திவிட்டு அதைத் தடுக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே மாவட்ட ஆட்சியர், தலைமை ஆசிரியர்களையும் நான்கு முகாம்களின் பெற்றோரையும் அழைத்து உட்கார வைத்துப் பேச வேண்டும்.